காவலர் பயிற்சியில் அசைவு சென்சார்: கணுக்காலா, இடுப்பா?

கோவை பி.ஆர்.எஸ். (காவலர் பயிற்சிப் பள்ளி) மைதானம் போன்ற இடங்களில் ஓட்டம், கவாத்து என்று பயிற்சிச் சுமை சட்டென ஏறினால், புதிய காவலருக்கு முதலில் வலியெடுப்பது பெரும்பாலும் முன்னங்கால் எலும்பில்தான் (முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முன்பக்கம் இருப்பது). அதை முன்கூட்டியே பிடிக்க, கணுக்காலுக்கு மேலே உட்புறம், சதையில்லாத தட்டை எலும்பின்மீது சென்சாரைக் கட்டலாம். பாதம் தரையில் மோதும் அதிர்வு நேராகப் பதியும். சென்சார் குறைந்தது ±16 ஜி வரை அளக்க வேண்டும் (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு). வரம்பு குறைந்தால் வேக ஓட்டத்தில் உச்சம் வெட்டுப்படும். நடைக்கு 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 முறை அளந்தால் போதும், ஓட்டத்துக்கு 500க்கு மேல் நல்லது. வியர்வையில் பட்டை தளர்ந்தால் தோலும் சேர்ந்து ஆடி, அளவு உண்மையைவிட அதிகமாகக் காட்டும். பூட்ஸ் விளிம்பு இடித்தால் மேலே நகர்த்துங்கள். ஆனால் பழைய அளவுகளை அதோடு ஒப்பிடாதீர்கள். இரண்டு காலுக்கும் தனித்தனியாக வேண்டும், அதுதான் செலவு.

இடுப்புக்கு ஒன்றே போதும். முழங்காலும் இடுப்பு மூட்டும் அதிர்வை உறிஞ்சிவிடுவதால் எலும்புக்கான எச்சரிக்கை மங்கும். ஆனால் களைப்பில் உடல் ஒருபக்கம் சாய்வதும், குதித்திறங்கும் விதமும் தெளிவாகத் தெரியும். வாக்கி டாக்கி தொங்கும் பெல்ட்டில் மாட்டினால் பெல்ட்டின் ஆட்டம்தான் பதியும். சட்டைக்குள் தனிப் பட்டை வேண்டும்.

பயிற்சிக் காவலருக்குக் கணுக்கால், பந்தோபஸ்தில் முதுகுவலிக்காரருக்கு இடுப்பு என்பது எங்கள் தேர்வு. முன்னங்கால் அதிர்வு எலும்பின் முழுச்சுமை அல்ல. தசை இழுப்பும் சேரும். ஒருவரை அவரோடேயே, அதே ஷூவில், அதே தரையில் ஒப்பிடுங்கள். தார் ரோட்டு அளவைச் செம்மண் அளவோடு வைத்துப் பார்த்துப் பயனில்லை.