சூடாக்கத் தெரியும், ஆறவைக்கத் தெரியாது: என் காப்பி வறுவல் இயந்திரம்

ரிப்பேருக்குப் போயிருந்த வறுவல் இயந்திரம் போன வாரம்தான் வீடு வந்து சேர்ந்தது. ஃபேன் மோட்டாரை மாற்றியிருக்கிறார்கள். வாரண்டி முடிந்துவிட்டதால் முழுக்க என் கைக்காசு. அது வந்த நேரம் பார்த்து இணையத்தில் அதன் விலை இறங்கிவிட்டது, இங்கே மலேசியாவில் குளுவாங்கில் இருக்கும் அண்ணன் மகன் "அத்தை, நல்ல விலைக்குப் போகுது, வாங்கலாமா?" என்று மெசேஜ் போட்டுவிட்டான். அவனுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டதால் எல்லாருக்குமாகப் போடுகிறேன். 250 கிராம் டிரம், மின்சாரம், கண்ணாடிக் கதவு என்கிற விவரமெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. பிராண்டு பெயர் வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் பெரும்பாலும் வறுப்பது லைபீரிக்கா என்கிற காப்பி வகை. சிம்பாங் ரெங்கம் பக்கம் சொந்த நிலத்தில் காப்பி போட்டிருக்கும் ஒருவரிடம் பச்சைக் கொட்டையாக வாங்குகிறேன், ரெங்கத்தில் என் வீட்டிலிருந்து தூரமில்லை. லைபீரிக்கா பெரிய கொட்டை, ஒரு முனை கூராக இருக்கும், ஒரு பிடி அள்ளினால் சிறிசும் பெரிசுமாக வரும். வாணலியில் போட்டால் சிறிசு கருகுகிற நேரத்தில் பெரிசின் நடு இன்னும் வேகாமல் கிடக்கும். இந்த டிரம்மில் அந்தத் தொல்லை இல்லை. நிதானமாகச் சூடு ஏற்றி, விடாமல் உருட்டி, வெந்த கொட்டையை உடைத்துப் பார்த்தால் உள்ளும் புறமும் கிட்டத்தட்ட ஒரே நிறம். வறுத்து நாலைந்து நாள் மூடி வைத்து அப்புறம் அரைத்தால் பலாப்பழ வாசனை அப்படியே எழும்பும். பாலும் வேண்டாம், சீனியும் வேண்டாம்.

இந்த வாசனைக்காகத்தான் இவ்வளவு பாடும். சீனியும் மார்ஜரினும் போட்டுக் கறுக்க வறுத்த கடைத்தூளைக் குடித்தே வளர்ந்தவள் நான், இன்றைக்கும் ரொட்டி பாக்காரோடு, அதாவது வாட்டிய ரொட்டியோடு, அதைக் குடிப்பேன், குறை சொல்லவில்லை. ஆனால் அதில் எந்த மண்ணின் கொட்டை என்று யாராலும் சொல்ல முடியாது. நம் ஆட்கள் பால்மரம் என்கிற ரப்பருக்கு முன்னாலேயே இந்த நாட்டில் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள். 1869இல் சிலோனில் இலைத்துரு நோய் கண்டு அங்கே அராபிக்கா வகைக் காப்பி அழிந்துகொண்டிருந்த காலத்தில், தாழ்ந்த நிலத்து வெக்கையையும் தாங்கும் என்று மலாயாவில் லைபீரிக்காவை நட்டார்கள். 1890களின் கடைசியில் பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை விழுந்தது, தோட்டங்கள் ரப்பருக்குப் போய்விட்டன, இப்போது எங்கே பார்த்தாலும் செம்பனை. அதற்கு நடுவில் ஒருத்தர் இரண்டு மூன்று ஏக்கரில் இந்த மரத்தை இன்னும் வெட்டாமல் வைத்திருக்கிறார், பழுத்ததை மட்டும் கையால் பறித்துக் காயவைக்கிறார் என்றால் அந்தக் கொட்டையைத் தீய்ப்பதற்கு எனக்கு மனசு வராது.

இயந்திரத்துக்கு அந்த மனசு இல்லை. சூடு 196 டிகிரி வாக்கில் முதல் வெடிப்பு, அதாவது கொட்டை முதல் தடவை வெடிக்கிற சத்தம், கேட்கும். லைபீரிக்காவில் கொட்டை ஒரே அளவில் இல்லாததால் அந்தச் சத்தம் இழுத்துக்கொண்டே போகும், அது அடங்கிக் கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவது என்றால் சூட்டை அணைத்தால் மட்டும் போதாது, கொட்டை நாலைந்து நிமிஷத்துக்குள் கை பொறுக்கும் அளவுக்கு ஆறியாக வேண்டும். இல்லையென்றால் உள்ளே தேங்கிய சூட்டிலேயே வெந்துகொண்டு போகும். இந்த இயந்திரம் ஆறவைப்பது அதே டிரம்முக்குள். கொதிக்கிற இரும்பு, அதற்குள் கொதிக்கிற கொட்டை, வெளியே மத்தியானம் 33 டிகிரி, அந்தக் காற்றைத்தான் ஒரு சின்ன ஃபேன் உள்ளே ஊதுகிறது. சரி, நானே வெளியே கொட்டி ஆற்றிக்கொள்கிறேன் என்றால் கதவு திறக்காது! சூடு இறங்கும்வரை பூட்டு. பாதுகாப்பாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் கொட்டை பழுப்பிலிருந்து கறுப்புக்குப் போவதை இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சில நாள் கூல் பட்டனை அழுத்திய பிறகும் கடுகு தாளிக்கிற மாதிரி இரண்டாவது வெடிப்பு படபடவென்று ஆரம்பித்துவிடும். அன்றைக்குப் பலாவாவது வாசனையாவது, கரிக்கசப்புதான்.

அதனால் வெடிப்பு முடிவதற்குள்ளேயே பட்டனை அழுத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. எவ்வளவு முன்னால் என்பது வெயிலைப் பொறுத்தது. மழை பெய்த ராத்திரி ஒரு கணக்கு, மத்தியானம் வேறு கணக்கு. கதவு ஒருவழியாகத் திறந்ததும் சுளகில் கொட்டி மேசை ஃபேன் முன்னால் புடைக்கிறேன், ஒட்டியிருந்த தோல் சருகும் பறந்துபோகும். இதற்கும் ஒரு தட்டு இருக்கிறது இயந்திரத்தில், அது பாதியைத்தான் பிடிக்கிறது, விடுங்கள்.

ரிப்பேர் கடையில் "இந்த மாடலுக்கு அடிக்கடி ஃபேன்தான் வருது அக்கா" என்றார் அந்தத் தம்பி. வராமல் என்ன செய்யும்? ஒவ்வொரு தடவையும் அந்தச் சூட்டை அந்தக் குட்டி மோட்டார் தலையில்தானே கட்டுகிறார்கள். புது மோட்டார் போட்ட பிறகு கொஞ்சம் சீக்கிரம் ஆறுகிறது, பொய் சொல்லக்கூடாது. பூட்டு அப்படியேதான் இருக்கிறது.

250 கிராம் பச்சைக் கொட்டை போட்டால் 210 வாக்கில் கிடைக்கிறது, சரியாக நிறுத்திய நாளில் அந்த 210 கிராமுக்கு ஈடாக இந்த ஊரில் எந்தக் கடையிலும் நான் குடித்ததில்லை. என்னுடையதை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். நீ வாங்காதே தம்பி. பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம். வறுத்ததை வெளியே கொட்டித் தனித் தட்டில் ஆறவைக்கிற மாடல் இருக்கிறது, கொஞ்சம் விலை கூட. அதற்குக் காசு சேர். அதுவரை ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து வறுத்து எடுத்துக்கொண்டு போ, கொட்டையை மட்டும் நீ வாங்கி வா.