மெக்சிகோவில் பேச்சு ஸ்பானிஷ்: பல வருஷமாகக் கைகொடுக்கும் அகராதிகள்

வேலை நிமித்தமாகச் சில வருஷமாக மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் இருக்கிறேன். ஆபீஸில் ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்துவிடலாம். டாக்கோ கடையில் அது நடக்காது.

அன்றிலிருந்து இன்றுவரை தினமும் திறப்பது வேர்ட்ரெஃபரன்ஸ் இணைய அகராதியைத்தான். மைக்கேல் கெல்லாக் 1999-ல் தொடங்கியது. இலவசம். தனிச்சொல்லோடு நிற்காமல் தொடராகவே தேட முடிகிறது. 'தோமார் எல் பேலோ' என்பதைச் சொல் சொல்லாகப் பிரித்தால் முடியைப் பிடிப்பது என்றுதான் வரும். அகராதியோ 'புல் சம்படீஸ் லெக்' என்று நேராகச் சொல்லிவிடுகிறது. விளையாட்டுக்கு ஏமாற்றுவது, அவ்வளவுதான்.

ஆங்கில அர்த்தத்துக்கு முன்னால் நாட்டுக் குறியைப் பாருங்கள். ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி. 'குவாகுவா' கியூபாவில் பஸ், சிலியில் கைக்குழந்தை. மாட்ரிட்டில் பஸ் பிடிக்க 'கொஹேர்' என்பார்கள். மெக்சிகோவில் அது கொச்சை, இங்கே 'தோமார்'தான். இதற்கென்றே 2010-ல் வந்த 'டிக்சியொனாரியோ தே அமெரிகனீஸ்மோஸ்', அதாவது லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷ் சொற்களின் அகராதி, இணையத்தில் கிடைக்கிறது. எந்தச் சொல் எந்த நாட்டில் புழங்குகிறது என்று பிரித்துக் காட்டும். விளக்கமும் ஸ்பானிஷிலேயே இருப்பதால் ஓரளவு படிக்க வந்தபிறகு எடுத்தால் போதும்.

'ஆஓரிதா' விஷயம் தனி. ஆங்கிலத்தில் 'ரைட் நவ்' என்று போட்டிருக்கும். குழாய் ரிப்பேர்காரரிடம் போனில் கேட்டேன், 'ஆஓரிதா வோய்', அதாவது இதோ வருகிறேன், என்றார். காலையில் சொன்னவர் சாயங்காலம் வந்தார். அவர் பொய் சொல்லவில்லை. மெக்சிகோவில் அந்தச் சொல் இந்த நிமிஷத்திலிருந்து எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நீளும். புவெர்ட்டோ ரீக்கோவில் அதற்குப் 'பிறகு' என்றே பொருள். நேரம் தெரியவேண்டுமென்றால் 'ஆ கே ஓரா?', அதாவது எத்தனை மணிக்கு, என்று கேட்டுவிடுங்கள். 'ஆஓரிதா மீஸ்மோ' என்று பதில் வந்தால் உடனே என்று நம்பலாம்.

இந்த மாதிரி நெளிவுசுளிவுக்கு யூடியூபில் 'ஈஸி ஸ்பானிஷ்' எனக்கு ரொம்பப் பிடிக்கும். தெருவில் போகிறவர்களை நிறுத்திப் பேட்டி எடுக்கிறார்கள். மேலே ஸ்பானிஷ் வரி, கீழே ஆங்கிலம். முதல்முறை கீழ்வரியைக் கையால் மறைத்துக்கொண்டு பார்ப்பேன். கேட்டது புரிந்ததா என்று இரண்டாம் முறை கையை எடுத்துப் பார்ப்பேன்.

யார் யாரிடம் சொல்வது என்பதையும் போனில் குறித்து வைக்கிறேன். 'நோ மான்சேஸ்', அதாவது 'நோ வே', கூட்டாளிகளோடு மட்டும். பெரியவர் கூப்பிட்டால் 'கே?' என்று கேட்பது மரியாதையில்லை, 'மாந்தே?' என்று கேட்கவேண்டும். ஹோட்டலில் பக்கத்து மேஜையைத் தாண்டிப் போகும்போது முன்பின் தெரியாதவர்களுக்கும் 'ப்ரொவேச்சோ' சொல்வார்கள். 'என்ஜாய் யுவர் மீல்' என்று அகராதி சொல்லும். பேசாமல் கடந்து போகாதீர்கள், நீங்களும் சொல்லுங்கள்.