எக்செல்லா, ஃபார்முலாவா, மெஷின் லேர்னிங்கா: சரக்கு ஆர்டர் போட எது உதவும்?

கோயம்புத்தூரில் பம்ப், மோட்டார் உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "விற்பனையை முன்கூட்டியே கணித்துச் சொல்கிற சாஃப்ட்வேர் ஒன்றைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வாங்கலாமா?" அவருடைய குடோனில் கால் வைக்க இடமில்லை. ஆனாலும் தினமும் நாலைந்து தடவை கவுன்ட்டரில் "அந்த சைஸ் மட்டும் இல்லைங்க" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பணம் ஒரு பக்கம் முடங்கிக் கிடக்கிறது, வாடிக்கையாளர் இன்னொரு பக்கம் திரும்பிப் போகிறார். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் ஆறு வருட பில் இருந்தும் இந்த நிலைமை. அவருக்காக மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதல் வழி அவர் இப்போது செய்வதுதான். கடைசி மூன்று மாத விற்பனையை எக்செல்லில் போட்டு, சராசரி எடுத்து, அதற்கு ஆர்டர் கொடுப்பது. செலவே இல்லை. யாருக்கும் புரியும். ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது. ஒரு நாளைக்கு 20 போகிற கெபாசிட்டர், மாதத்தில் 10 நாள் இருப்பு இல்லாமல் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 நாளில் 400 விற்றிருக்கும். எக்செல் அதை 30 நாளால் வகுத்து, ஒரு நாளைக்கு 13 என்று சொல்லும். அதை நம்பி ஆர்டரைக் குறைத்தால் அடுத்த மாதம் இன்னும் சீக்கிரம் தீரும், சராசரி இன்னும் இறங்கும். நன்றாக ஓடுகிற சரக்கை "மெதுவாகப் போகிறது" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பில்லில் இருப்பது விற்பனை மட்டும்தான். கேட்டுக் கிடைக்காமல் போனவர் கணக்கு அதில் இல்லை.

இரண்டாவது வழி, மறு ஆர்டர் புள்ளியும் (இருப்பு எவ்வளவுக்கு இறங்கினால் அடுத்த ஆர்டர் போட வேண்டும்) பாதுகாப்பு இருப்பும் (எதிர்பாராத தேவைக்காகக் கூடுதலாக வைக்கும் சரக்கு). எம்பிஏ பாடத்தில் வரும் பழைய ஃபார்முலாதான், எக்செல்லிலேயே போடலாம். அதே கெபாசிட்டருக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்குச் சராசரி 20, ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், 6. ஆர்டர் கொடுத்தால் சரக்கு வர 9 நாள். நூற்றுக்கு 95 தடவை தீராமல் இருக்க வேண்டும் என்றால் பெருக்க வேண்டிய எண் 1.65. 9-இன் வர்க்கமூலம் 3. ஆக 1.65 × 6 × 3, ஏறக்குறைய 30. ஒன்பது நாளைக்குத் தேவையான 180-உடன் இந்த 30-ஐச் சேர்த்தால் 210. இருப்பு 210-ஐத் தொட்டதும் ஆர்டர் போய்விட வேண்டும்.

இது வரைக்கும் எல்லோரும் போடுகிறார்கள். ஆனால் சரக்கு உண்மையிலேயே சரியாக ஒன்பதாம் நாள் வருகிறதா? நண்பரின் கொள்முதல் பில்களை எடுத்துப் பார்த்தோம். சில தடவை ஏழு நாள், சில தடவை பன்னிரண்டு. சரக்கு வருகிற நாளின் திட்ட விலக்கம் 2 என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் கணக்குப் போட்டால் (9 × 6 × 6-உடன் 20 × 20 × 2 × 2-ஐச் சேர்த்து, வர்க்கமூலம் எடுத்து, 1.65-ஆல் பெருக்கினால்), தேவையான பாதுகாப்பு இருப்பு 30 அல்ல, 72. இரண்டு மடங்குக்கும் மேல்! விற்பனை ஆடுவதை விட சப்ளையர் ஆடுவதுதான் குடோனை அடைக்கிறது. எனக்கே இது ஆச்சரியமாகத்தான் இருந்தது.

சரி, மூன்றாவது வழியான மெஷின் லேர்னிங்குக்கு வருவோம். பழைய விற்பனையிலிருந்து கம்ப்யூட்டரே போக்கைக் கற்றுக்கொண்டு கணிப்பது இது; நண்பருக்குக் காட்டிய சாஃப்ட்வேரும் இந்த வகைதான். இதைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. 2020-இல் எம்5 என்ற கணிப்புப் போட்டி நடந்தது. வால்மார்ட்டின் 10 கடைகள், 3,049 பொருள்கள், ஐந்து வருடத்துக்கும் மேலான தினசரி விற்பனை. 5,500-க்கும் அதிகமான அணிகள் மோதின. லைட்ஜிபிஎம் என்ற மெஷின் லேர்னிங் முறையை வைத்து முதலிடம் பிடித்தவரின் கணிப்பு, எக்ஸ்போனென்ஷியல் ஸ்மூத்திங் என்ற, சமீபத்திய விற்பனைக்கு அதிக எடை கொடுத்துச் சராசரி எடுக்கும் பழைய முறையை விட 20 சதவீதத்துக்கும் மேல் துல்லியமாக இருந்தது. ஆனால் அந்தப் பழைய முறையைத் தாண்ட முடிந்தவை மொத்த அணிகளில் 7.5 சதவீதம்தான். ஜெயித்த முறைகளுக்கும் கூட, எல்லாக் கடைகளின் விற்பனையையும் சேர்த்துக் கணிப்பதில் கிடைத்த லாபம் ஒரு கடையில் ஒரு பொருள் என்று இறங்கும்போது சுருங்கிப்போனது. நமக்கு ஆர்டர் போட வேண்டியது அந்தக் கடைசி மட்டத்தில்தானே.

கணிப்பு மென்பொருளை அவசரப்பட்டு நம்பிப் பெரிய நிறுவனமே அடிபட்டிருக்கிறது. 2000-2001-இல் நைக்கி புதிய திட்டமிடல் மென்பொருளுக்கு மாறியபோது, சில ஷூக்கள் தேவைக்கு மேல் குவிந்தன, கேட்கிற ஷூக்கள் கிடைக்கவில்லை. விற்பனையில் சுமார் 10 கோடி டாலர் போனது.

இப்போது அசல் ஒப்பீடு. நண்பர் அந்த சாஃப்ட்வேரை வாங்கி, அது கணிப்பின் பிழையைப் பாதியாகவே குறைத்துவிட்டது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். 6 என்பது 3 ஆகிறது. பாதுகாப்பு இருப்பு 72-இலிருந்து 68-க்கு இறங்குகிறது. அவ்வளவுதான். அதற்குப் பதில் சப்ளையரோடு பேசி, வருகிற நாளின் ஆட்டத்தை 2-இலிருந்து 1-க்குக் கொண்டு வந்தால்? 72 என்பது 44 ஆகிறது. முதலாவதற்கு வருடா வருடம் சந்தா கட்ட வேண்டும். இரண்டாவதற்குக் கையில் இருக்கிற பில்லும் ஒரு போன் காலும் போதும்.

கடைகள் நிறைய இருந்து, ஆஃபர், பண்டிகை, விலை மாற்றம் என்று விற்பனையை ஆட்டும் காரணங்களும் பல இருந்தால் என் பதில் வேறாக இருக்கும். அங்கே மூன்றாவது வழி போட்ட காசை எடுத்துவிடும். பழைய மாடல் இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) மாதிரி எப்போதாவது ஒரு தடவை மட்டும் விற்கிற ஐட்டங்களுக்கோ மேலே சொன்ன ஃபார்முலாவும் சரிவராது. எத்தனை நாளுக்கு ஒரு தடவை கேட்கிறார்கள், கேட்டால் எத்தனை என்று இரண்டையும் பிரித்துக் கணக்கிடும் கிராஸ்டன் முறை 1972-லேயே வந்துவிட்டது. அதையும் எக்செல்லில் போடலாம்.

நண்பருக்கு நான் சொன்னது இரண்டாவது வழி. கோடையில் மோட்டார் ஓட்டம் கூடும் என்பதால் சராசரியை சீசன் வாரியாக மாற்றிக்கொள்ளவும் சொன்னேன். அப்புறம் இரண்டு பழக்கங்கள். கொள்முதல் ஷீட்டில் ஆர்டர் கொடுத்த தேதி, வருவதாகச் சொன்ன தேதி, வந்த தேதி என்று மூன்று நெடுவரிசைகள். கவுன்ட்டரில் ஒரு நோட்டு, "இல்லை" என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு வரி. முதல் பத்து நாளிலேயே அந்த நோட்டில் 43 வரி சேர்ந்துவிட்டது. அதில் 17 ஒரே சைஸ் கெபாசிட்டர். அவருடைய எக்செல்லில் அது மெதுவாகப் போகிற சரக்கு என்ற பட்டியலில் இருந்தது.