தலையில ஊதா திட்டு ஆறலையா? பயாப்ஸி (சதை எடுத்து டெஸ்ட்) இல்லாம லேசருக்கு ஒத்துக்காதீங்க

எங்க பெரியப்பாவுக்கு வயசு எழுபதுக்கு மேல. வழுக்கைல கன்னிப்போன மாதிரி ஒரு ஊதா திட்டு வந்துச்சு. ஸ்கின் கிளினிக்ல எங்கயாவது இடிச்சிருப்பீங்கன்னாங்க, இவரு நான் எங்கயும் இடிச்சுக்கல டாக்டர்னு திரும்பத் திரும்ப சொல்றாரு, காதுலயே வாங்கல. முதல்ல ஆயின்மென்ட், அப்புறம் இன்ஃபெக்ஷன்னு ஆன்டிபயாடிக், அதுவும் கேக்கலன்னதும் ரத்தக்குழாய் கட்டி, லேசர்ல எடுத்துடலாம்னு பேக்கேஜ் போட்டு மொத்த பணத்தையும் முன்னாடியே வாங்கிட்டாங்க. லேசருக்கு அப்புறம் திட்டு இன்னும் அகலமாச்சு, தலையணை உறையெல்லாம் ரத்தக் கறை. கேட்டா ஆறும்போது அப்படித்தான் இருக்குமாம்!!

இவ்வளவுக்கும் ஒரு தடவைகூட பயாப்ஸி எடுக்கல. ஃபைல்ல மட்டும் ஹெமாஞ்சியோமா, அதாவது கேன்சர் இல்லாத ரத்தக்குழாய் கட்டின்னு தைரியமா எழுதி வெச்சிருக்காங்க.

வேற ஆஸ்பத்திரில கேன்சர் டாக்டர் பண்ணது ரொம்ப சிம்பிள். தலையை நல்லா கீழ குனிஞ்சு கொஞ்ச நேரம் இருங்கய்யான்னாரு, எங்க கண்ணு முன்னாடியே திட்டு உப்பி கருஞ்சிவப்பாயிடுச்சு. உடனே பல இடத்துல சதை எடுத்து அனுப்பினாரு. ஆஞ்சியோசர்கோமா. ரத்தக்குழாயோட உள்பக்க செல்லுல வர்ற கேன்சர், அந்த செல்லுங்களை அடையாளம் காட்டுற சிடி31, ஈஆர்ஜிங்கற புரதங்களைத் தேடுற டெஸ்ட்ல உறுதியாச்சு. தசை, கொழுப்பு, ரத்தக்குழாய் மாதிரி மென்மையான திசுல வர்ற கேன்சருக்கு மென்திசு சர்கோமான்னு பேரு, அதுலயே இது 1-2 சதவீதம்தானாம், ஆனா வயசானவங்க தலைலயும் முகத்துலயும்தான் அதிகமா வருதாம். அபூர்வம்னு தெரியாம போறது வேற, ஆறாத திட்டை டெஸ்ட் பண்ணாம சுட்டுத் தள்றது வேற.

இது கண்ணுக்குத் தெரியற ஓரத்தைத் தாண்டி தோலுக்கடியில பரவியிருக்கும், அதனால வெட்டி எடுத்தா மட்டும் பத்தாது, அகலமா ரேடியேஷனும் வேணும். ஆபரேஷனே முடியாத அளவுக்கு பரவிட்டா பாக்லிடாக்செல் கீமோ. நுரையீரலுக்குப் போற புத்தி இதுக்கு உண்டு, அங்க கொப்புளம் மாதிரி வந்து உடைஞ்சு மூச்சே அடைக்கலாமாம், அதான் நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் கட்டாயம்.

கிளினிக்ல பணம் திரும்பத் தரல. ஆனா விளம்பரத்துக்குன்னு ஒவ்வொரு சிட்டிங்லயும் போட்டோ எடுத்தாங்கல்ல, அதை எழுதிக் குடுத்து வாங்கிடுங்க. வாரா வாரம் திட்டு எப்படி பெருசாச்சுன்னு அவங்க போட்டோலயே அப்பட்டமா தெரியுது, கேன்சர் டாக்டருக்கும் அது உதவிச்சு.

அப்புறம் எங்க பயாப்ஸி எடுத்தாலும் ரிப்போர்ட்டோட நிறுத்தாம ஸ்லைடு (சதையை மெல்லிசா சீவி ஒட்டின கண்ணாடித் தகடு), பிளாக் (சதையை மெழுகுல பதிச்ச கட்டி) ரெண்டையும் கேட்டு வாங்கி சர்கோமா நிறைய பாக்குற சென்டர்ல இன்னொரு தடவை பாக்கச் சொல்லுங்க, தர மாட்டோம்னா விடாதீங்க.