ஊடுருவலுக்குப் பிறகு ஆட்டோரன்ஸ்: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

வீட்டுக் கணினியில் மவுஸ் தானாக நகர்வதைக் கண்ணால் பார்த்தவருக்கு, ஆன்டிவைரஸ் பச்சை டிக் காட்டினால் மட்டும் மனம் ஆறாது. எனக்கும் ஆறவில்லை. அப்போது கையில் எடுத்த ஆட்டோரன்ஸை இன்றுவரை விடவில்லை. விண்டோஸில் தானாக ஓடத் தொடங்குபவற்றைப் பட்டியலிட்டுக் காட்டும், மைக்ரோசாஃப்ட்டின் சிஸின்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள இலவசக் கருவி இது.

உள்ளே வந்தவர் மறுபடி வர வேண்டுமென்றால், அவர் வைத்துவிட்டுப் போனது கணினியை அணைத்துப் போட்ட பிறகும் ஓட வேண்டும். விண்டோஸ் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரி, பின்னணியில் ஓடும் சர்வீஸ், குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் டாஸ்க் ஷெட்யூலர், டிரைவர் என அது ஒட்டிக்கொள்ள இடங்கள் பல. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் அவற்றில் கொஞ்சம்தான் தெரியும். ஆட்டோரன்ஸ் அத்தனையையும் ஒரே இடத்தில் கொட்டிவிடும். நீளத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். டிஜிட்டல் கையொப்பச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைத்தால் பட்டியல் சுருங்கிவிடும். கோப்பில் நிறுவனத்தின் பெயரை யாரும் எழுதிக்கொள்ளலாம் என்பதால் கையொப்பச் சரிபார்ப்பு அவசியம். கையொப்பம் சரியில்லாதவை இளஞ்சிவப்பில் தெரியும்.

என் கணினியில் சிக்கியது அப்படி எந்த நிறமும் இல்லாத ஒரு வரி. கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும், நான் நிறுவாத ஒரு ரிமோட் மென்பொருள், சர்வீஸாகப் பதிந்து உட்கார்ந்திருந்தது. கையொப்பம் சரி, கோப்பைப் பல ஆன்டிவைரஸ்களால் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்திலும் ஒரு புகார் இல்லை. முறையான மென்பொருள்தானே, ஆன்டிவைரஸ் ஏன் கத்தப்போகிறது? அதனால் இளஞ்சிவப்பைத் தேடுவதோடு நிறுத்தாமல், "இதை நான் போட்டேனா?" என்று வரிவரியாகக் கேட்க வேண்டும். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலையும் திறந்து பாருங்கள். அங்கே ஒரு ஃபோல்டரைச் சேர்த்துவிட்டால் ஸ்கேன் அந்தப் பக்கமே போகாது.

இதற்கும் எல்லை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸையே, தன்னை ஒளித்துக்கொள்ளும் ரூட்கிட் வகை மால்வேர் ஏமாற்றினால் ஆட்டோரன்ஸும் ஏமாறும். அதற்கு டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் துணை. கணினியை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாக ஏறுவதற்கு முன்பே தேடும். கால் மணி நேரம் போல ஆகும். ஆனால் நுழைந்தவருக்கு அட்மின் உரிமை கிடைத்திருந்தால் எந்த ஸ்கேனையும் நம்பி உட்காராதீர்கள். ஆவணங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, வேறொரு கணினியில் தயாரித்த யுஎஸ்பி மூலம் டிஸ்கை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். பாஸ்வேர்டுகளையும் வேறு சாதனத்திலிருந்துதான் மாற்ற வேண்டும். நான் இரண்டையும் செய்தேன்.

ஆட்டோரன்ஸின் அருமை அப்புறம்தான் புரிந்தது. புதிதாக நிறுவியதும் பட்டியலைச் சேமித்து, யுஎஸ்பியில் தனியாக வைத்தேன். மாதம் ஒருமுறை 'கம்பேர்' கொடுத்தால் புதிதாகச் சேர்ந்தவை பச்சையில் நிற்கும். பெரும்பாலும் பிரவுசர் அப்டேட், பிரிண்டர் மென்பொருள், அவ்வளவுதான். பார்த்து முடிக்க நேரமே ஆகாது. ஒரே குறை, இது தானாக எச்சரிக்காது. அதனால் கேலண்டரில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன்.