'லினக்ஸில் அப்படியே ஓடும்' என்று விற்கும் வைஃபை அடாப்டர்: வாங்கும் முன் படியுங்கள்

யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கப் போகும் லினக்ஸ்காரர்கள் கொஞ்சம் கவனியுங்கள். '1200 எம்பிபிஎஸ், மீடியாடெக் எம்டி7612யூ சிப், லினக்ஸில் அப்படியே ஓடும்' என்ற விளம்பரத்தை நம்பி ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் 4.19 பதிப்பிலிருந்தே உள்ளே இருக்கிறது. செருகினால் போதும் என்பதால்தான் தேடிப் பிடித்து வாங்கினேன்.

செருகினால் வைஃபை வரவில்லை. ஃபைல் மேனேஜரில் அடாப்டர் தன்னை ஒரு சிடி போலக் காட்டிக்கொண்டது, அதற்குள் விண்டோஸ் செட்டப் ஃபைல் மட்டும். எஜெக்ட் கொடுத்துவிட்டு டெர்மினலில், செருகியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையை அடித்தேன். 'ரியல்டெக் 802.11ஏசி என்ஐசி' என்று வந்தது. அதோடு வந்த சாதன ஐடியை வைத்துத் தேடினால், உள்ளே இருப்பது மீடியாடெக் சிப்பே இல்லை, ரியல்டெக்கின் ஆர்டிஎல்8811சியூ. அதற்கான டிரைவர் கர்னலுக்குள் வந்ததே 6.2-இல்தான், என் கணினியில் இருக்கும் உபுண்டு 22.04 என்ற லினக்ஸில் ஓடுவது 5.15 கர்னல். வெளியிலிருந்து டிரைவரை எடுத்து கம்பைல் செய்து போடலாம்தான். ஆனால் அந்தத் தலைவலி வேண்டாம் என்றுதானே இதை வாங்கினேன்?

விற்பனையாளரிடம் கேட்டால், "பொருளில் குறை இல்லை சார், லினக்ஸ்தான் பிரச்சினை. சீல் உடைத்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது" என்றார். சீலை உடைக்காமல் உள்ளே எந்தச் சிப் இருக்கிறது என்று யாரால் பார்க்க முடியும்?

பழியை லினக்ஸ் மேல் போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. உபுண்டு 24.04-ஐ கணினியில் நிறுவாமல், பென்டிரைவிலிருந்தே லைவாக பூட் செய்தேன். அதில் 6.8 கர்னல், அடாப்டர் உடனே எழுந்துகொண்டது. அப்புறம்தான் அடுத்த மோசடி வெளியே வந்தது. ரூட்டருக்குப் பக்கத்திலேயே வைத்தும் இணைப்பு வேகம் 433 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. தாண்டவும் முடியாது. இது ஒற்றை ஸ்ட்ரீம் சிப், அதாவது ஒரே நேரத்தில் ஒரு தரவு ஓட்டத்தை மட்டுமே கையாளும். 5 கிகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் கூட்டிச் சொன்னாலும் 600 பக்கம்தான் வரும். 1200 என்பது பச்சைப் பொய்.

விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-இன் மின்வணிக விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அதைக் குறிப்பிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். பணம் திரும்பி வந்தது. புகாருக்குப் பிறகு விளம்பரத்திலிருந்து சிப்பின் பெயரைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். 1200 மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. பழைய பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட் கையில் இருந்ததால்தான் என் புகார் நின்றது. நீங்களும் பணம் கட்டும் முன்பே விளம்பரப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்து, அதே வீடியோவில் எல்எஸ்யூஎஸ்பி காட்டும் வரியும் தெரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.