கட்டித் தரும் வீடா, கையில் தரும் காசா?

வீடில்லாத குடும்பங்களுக்கு அரசு உதவுவதென்றால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நாம் கண்டது பெரும்பாலும் இரண்டு வழிகள்தான். கொந்தராத்துக்காரரை வைத்து வரிசையாகக் கட்டிச் சாவியைக் கொடுப்பது ஒன்று. காசைத் தவணை தவணையாகக் கொடுத்து நீங்களே கட்டுங்கள் என்பது மற்றது. பெரியம்மா வீட்டாருக்குச் சுனாமிக்குப் பிறகு கிடைத்தது சாவி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நாங்கள் இந்திய வீட்டுத் திட்டத்தில் காசு எடுத்துக் கட்டினோம். என் சாய்வு காசுப் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அலைச்சலைப் பார்த்தால் கட்டித் தரும் வீடுதான் சுகம், இதில் பேச ஒன்றுமில்லை. எங்கள் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, 550 சதுர அடி. ஒரு கட்ட வேலை முடிந்தால்தான் அடுத்த தவணை. காசு நேரே வங்கிக் கணக்குக்கு வந்ததால் இடையில் யாரும் கை வைக்கவில்லை, ஆனால் போதவில்லை. எங்கள் ஒழுங்கையில் நகை அடகு வைக்காமல் வீட்டை முடித்தவர்கள் குறைவு.

சரி, பிறகு ஏன் காசு என்கிறேன்? பழுது. வீடு குடிபுகுந்த நாளில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும், நாலைந்து மாரி போன பிறகு பார்க்க வேண்டும். பெரியம்மா வீட்டுக் குளியலறைச் சுவர் ஊறத் தொடங்கியபோது குழாய் எந்த வழியாகப் போகிறது என்று சொல்ல ஊரில் ஒருவர்கூட இல்லை, கட்டியவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். டைல்ஸை மூன்று இடத்தில் உடைத்துத்தான் ஒழுக்கைக் கண்டுபிடித்தார்கள். கதவு நிலையைக் கறையான் தின்றுவிட்டது. கூரைச் சீற் ஒன்று வெடித்தது, அந்த அளவு இங்கே எந்த ஹாட்வெயாரிலும் இல்லை என்பதால் இன்றைக்கும் அதன் மேல் தறப்பாள்தான் கிடக்கிறது.

எங்கள் வீட்டிலும் பழுது வராமல் இல்லை. ஆனால் குழாய் புதைத்தபோது மாமா பக்கத்தில் நின்று பார்த்தவர், மேசன் பாஸ் அடுத்த ஒழுங்கைக்காரர், கூப்பிட்டால் பின்னேரம் சைக்கிளில் வருவார். நிலைக்கு முதிரை மரம் போட்டோம், அதில்தான் கடன் கூடியது, இன்றுவரை கறையான் அண்டவில்லை. ஓடு உடைந்தால் கோடிக்குள் அடுக்கி வைத்த மிச்ச ஓட்டில் ஒன்றை எடுத்து மாற்றுவோம். 78 சூறாவளியைக் கண்ட அப்பா கூரை மரத்தைச் சுவரோடு கம்பி போட்டு இறுக்கச் சொல்லி நின்ற நிலையை எந்தக் கொந்தராத்துக்காரரிடமும் எதிர்பார்க்க முடியாது.

2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்று அரசு கிளம்பியபோது எதிர்ப்பு வந்ததற்கும் இது ஒரு காரணம். வீட்டுக்கு 20 இலட்சத்துக்கு மேல் செலவாகும் என்றார்கள், அந்தக் காசில் கல்வீடு இரண்டு கட்டலாம். உப்புக் காற்றில் துருப்பிடித்தால் நம் ஊர் மேசன் என்ன செய்வார்? அம்பாறை மாவட்டத்து நுரைச்சோலையில் சவூதி உதவியில் எழும்பிய 500 வீடுகளின் கதை இன்னும் மோசம்: யாருக்குக் கொடுப்பது என்ற இழுபறி நீதிமன்றம் வரை போக, ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் பாழாய்க் கிடந்தன.

காசு வழிக்கும் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. 2019 இறுதியில் ஆட்சி மாறியதும், அரசு தவணைக் காசு கொடுத்துக் கட்டச் சொன்ன மாதிரிக் கிராமங்கள் பலவற்றில் தவணை நின்றுபோனது. பாதிச் சுவரோடும் தலைக்கு மேல் கடனோடும் நின்றவர்களிடம் போய் நான் மேலே சொன்னதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். தனியாக இருக்கும் வயதானவர்கள், கைக்குழந்தையோடு நிற்கும் விதவைப் பெண்கள், இவர்களுக்குச் சாவி கொடுப்பதே நல்லது என்பேன், பக்கத்தில் உதவிக்கு ஆண்பிள்ளை இல்லாத ஒரு வீட்டில் சீமெந்து மூட்டை களவு போனதைப் பார்த்திருக்கிறேன்.

காணித் துண்டே இல்லாமல் பஸ் நிலையத்தில் படுப்பவர்களுக்கு இரண்டு வழியும் உதவாது. தவணைக் காசுக்குக் காணி வேண்டும், பயனாளிப் பட்டியலில் சேர முகவரி வேண்டும். வெள்ளைக்காரன் 1841இல் போட்ட சட்டம் அவர்களைக் குற்றவாளியாகத்தான் பார்த்தது. ஃபின்லாந்தில் 2008 முதல் அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் வாடகை வீடு, குடியை விடுவதும் வேலை தேடுவதும் பிறகு என்று செய்கிறார்கள். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் இல்லை நான், ஆனால் டவுனில் பூட்டிக் கிடக்கும் அரசாங்கக் குவாட்டர்ஸ் நாலைந்தில் செய்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது.